அலமாரியில் இருக்கும் அந்த மருந்து டப்பா

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 74. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். பேசுகிறார், பேப்பர் படிக்கிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர் (வலியையும் தவிப்பையும் தணிக்கும் சிகிச்சை) டாக்டர் போன வாரம் நான்கு வகை ஊசி மருந்துகளை எழுதிக்கொடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னார். ‘இப்போது வேண்டாம், ஆனால் கையில் இருக்கட்டும்’ என்றார். அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் கோபம். ‘நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு இப்போதே சாவு மருந்தா?’ என்கிறார். கூட இருந்து பார்த்துக்கொள்வது நான்தான். எப்போது திறப்பது, யார் போடுவது என்று ஒன்றும் புரியவில்லை. நான் போட்ட ஊசியால்தான் அப்பா போய்விட்டார் என்று ஆகிவிடுமோ என நினைத்து ராத்திரி தூக்கம் வருவதில்லை. அப்பாவுக்கு இந்த டப்பா பற்றி இன்னும் தெரியாது. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த டப்பா வீட்டுக்கு வந்துவிட்டதால் அப்பாவின் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர் அதை இப்போதே எழுதிக்கொடுத்ததற்குக் காரணம், அப்பா இப்போது நன்றாக இருப்பதுதான். பேசும் நிலையில் இருக்கும்போது ஏற்பாடு செய்தால் யோசிக்க நேரம் கிடைக்கும், அவருடைய விருப்பத்தைக் கேட்க முடியும், சந்தேகங்களை நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிலைமை மோசமான பிறகு ஓடுகிற ஓட்டத்தில் இதில் ஒன்றும் நடக்காது. இப்படித் தயாராக வைத்த மருந்துகள் பல வீடுகளில் ஒரு ஆம்பியூல்கூட (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைக்கப்படாமல் திரும்பி வந்திருக்கின்றன.

டப்பா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பாலியேட்டிவ் கேர் துறைக்கு நான் வந்த புதிதில் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மாத்திரைகளோடு போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தது. அவரால் மாத்திரையை விழுங்க முடியவில்லை. வீட்டில் ஊசி மருந்து இல்லை, மார்ஃபினைக் கொடுக்க அந்த நேரத்தில் எந்த மருந்துக்கடையும் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி ஆம்புலன்ஸ். போன இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரெச்சரில், டியூப் லைட் வெளிச்சத்தில், அவர் வேண்டாம் என்று சொன்ன எல்லாம் நடந்து, விடிவதற்குள் இறந்துபோனார். அந்த இரவுக்கு நான் அந்தக் குடும்பத்தைத் தயார் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. உங்கள் டாக்டர் செய்திருக்கிறார்.

இது புதிய யோசனையும் அல்ல. 1967-இல் லண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், வலி வந்து நோயாளி கெஞ்சும் வரை காத்திருக்கக் கூடாது, வலி திரும்புவதற்கு முன்பே மருந்து போய்ச் சேர வேண்டும் என்று வலியுறுத்தினார். இன்று முன்கூட்டியே மருந்து எழுதி வைப்பது அந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி முன்னால் கொண்டுபோவதுதான். வரக்கூடிய தொந்தரவு எது என்று தெரியும், அதற்கு என்ன மருந்து என்றும் தெரியும். அப்படியானால் அது நோயாளி இருக்கும் வீட்டிலேயே இருக்கட்டும், அவ்வளவுதான்.

சரி, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? நான்கு வகை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

முதலாவது மார்ஃபின். மாத்திரையாக அப்பா ஏற்கெனவே சாப்பிடும் அதே மருந்துதான். கடைசி நாட்களில் விழுங்கும் சக்தி குறைந்துவிடும், அப்போது மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட முடியாது, வலி திரும்பிவிடும். அதனால் ஊசியாக மாற்றுகிறோம். வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத்திணறலுக்கும் இதுவே முதல் மருந்து. ‘காற்று போதவில்லை’ என்று மூளையில் எழுகிற அந்தத் தவிப்பை இது தணிக்கும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: வாயால் சாப்பிடும் அளவில் ஏறத்தாழ பாதிதான் ஊசிக்கு வேண்டும். மாத்திரைக் கணக்கை அப்படியே ஊசிக்குப் பொருத்தக் கூடாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மார்ஃபினின் கழிவுகள் உடலில் தங்கிவிடும், அவர்களுக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்போம். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் அது கணக்கில் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

இரண்டாவது மிடசோலம். பதற்றத்தைக் குறைத்து, ஓரளவு தூக்கத்தைக் கொடுக்கும். மூச்சுத்திணறலோடு பயமும் சேர்ந்துகொள்ளும்போது மார்ஃபினுக்குத் துணையாக வரும். வலிப்பு வந்தாலும் இது உதவும்.

மூன்றாவது வாந்திக்கும் குமட்டலுக்குமான மருந்து. பல இடங்களில் ஹாலோபெரிடால் வைப்பார்கள். மனம் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் நிலைக்கும் அதுவே பயன்படும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடாலும் ஆகாது, வாந்திக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெட்டோகுளோப்ரமைடும் ஆகாது. நடுக்கமும் இறுக்கமும் அதிகமாகிவிடும். அப்படி ஏதாவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.

நான்காவது தொண்டைக் கரகரப்புக்கு. ஹையோசின் பியூட்டைல்புரோமைடு அல்லது கிளைகோபைரோலேட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தாரை அதிகமாக உலுக்குவது அந்தச் சத்தம்தான். நினைவு மங்கி, இருமி வெளியேற்றவோ விழுங்கவோ முடியாமல்போகும்போது, தொண்டையில் தேங்கும் நீர் மூச்சோடு சேர்ந்து கரகரவென்று ஒலிக்கும். கேட்பவருக்கு மூழ்கிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் இருப்பவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பார். நெற்றி சுருங்காமல், கைகால் பதறாமல் இருந்தால் அவருக்கு அது வேதனையாக இல்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். முதலில் அவரை மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பல நேரம் அதுவே போதும். இந்த மருந்து புதிதாக நீர் ஊறுவதைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே தேங்கியதை உறிஞ்சி எடுக்காது. அதனால் சத்தம் தொடங்கிய உடனே சொன்னால்தான் பலன். வாய் வறண்டுபோகும், ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைத்துவிடுங்கள்.

மார்ஃபின், மிடசோலம், ஹாலோபெரிடால், ஹையோசின் நான்குமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. ‘சாவு மருந்து’ என்று தனியாக ஒன்றும் அந்த டப்பாவில் இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நலமாகித் திரும்பிப்போகும் நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளில் தினமும் கொடுக்கப்படும் மருந்துகள்தான் இவை.

எப்போது திறப்பது? நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டியதே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பாரம்தான் தெரிகிறது. டப்பாவோடு ஒரு எழுத்துப்பூர்வமான தாளும், ராத்திரியிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அந்த ஏற்பாடு பாதியில் நிற்கிறது என்றுதான் சொல்வேன். தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் நேராக, என்ன தொந்தரவுக்கு, எத்தனை மில்லிகிராம், அது எத்தனை மில்லிலிட்டர், மறுபடி போட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், ஒரு நாளில் எத்தனை தடவை போட்ட பிறகு கட்டாயம் கூப்பிட வேண்டும் என்று இருக்கட்டும். இல்லையென்றால் நாளைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், எங்களுக்கு அது தொந்தரவு இல்லை.

மில்லிலிட்டரையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஆம்பியூல் என்பது ஒரு டோஸ் அல்ல. மார்ஃபின் ஆம்பியூலில் பெரும்பாலும் முதல் டோஸுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே மருந்து இருக்கும். மிடசோலம் இன்னும் சிக்கலானது, ஒரே பெயரில் வேறு வேறு அடர்த்தியில் வருகிறது. ‘ஒரு பாட்டில் போடுங்கள்’ என்று யாராவது போனில் சொன்னால், எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லிலிட்டர் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஊசியை எடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. அப்பா நிலைகொள்ளாமல் புரள்கிறார், துணியைப் பிய்க்கிறார், எழுந்து ஓடப் பார்க்கிறார் என்று வையுங்கள். முதலில் சிறுநீர் எப்போது போனார் என்று யோசியுங்கள். அடிவயிறு புடைத்து, தொட்டால் முகம் சுளித்தால், சிறுநீர் அடைத்திருக்கிறது. அதற்கு மிடசோலம் மருந்தல்ல, ஒரு சிறுநீர்க் குழாய் போட்டால் ஐந்து நிமிடத்தில் அமைதியாகிவிடுவார். நாள்கணக்கில் மலம் போகாமல் இருப்பதும் அப்படித்தான். மார்ஃபின் சாப்பிடும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும், கூடவே மலமிளக்கியும் இருக்க வேண்டும். ஒரே பக்கம் படுத்து வலிக்கலாம், கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ இல்லாமல் இருட்டில் குழம்பிப்போகலாம். மூச்சுத்திணறல் என்றால் தலையணைகளை வைத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள், ஜன்னலைத் திறங்கள், சின்ன மின்விசிறியின் காற்று முகத்தில் படட்டும். இதையெல்லாம் செய்துகொண்டே போனில் கூப்பிடலாம். இவற்றுக்கு அடங்காவிட்டால் தயங்காமல் மருந்து. தோலடியில் போட்ட ஊசி வேலை செய்ய கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகலாம். அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

யார் போடுவது என்பது இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் நர்ஸ் வந்துதான் போடுவார். ஆஸ்திரேலியாவில் வீட்டில் கவனித்துக்கொள்பவருக்கே கற்றுக்கொடுத்து, பெயர் ஒட்டிய சிரிஞ்சுகளைக் கையில் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உங்களை அப்படிச் செய்யச் சொல்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். சொன்னால், பெரும்பாலும் நீங்கள் ஒவ்வொரு முறையும் அப்பாவைக் குத்த வேண்டியிருக்காது. நர்ஸ் வந்து மேல்கையிலோ மார்பிலோ தோலுக்கு அடியில் ஒரு சின்ன பட்டர்ஃபிளை ஊசியைப் பொருத்தி ஒட்டிவிட்டுப் போவார், நீங்கள் அதன் குழாய் வழியாக மருந்தைச் செலுத்துவீர்கள். அவர் முன்னால் தண்ணீரை வைத்து இரண்டு மூன்று தடவை பழகிப் பாருங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ‘என்னால் முடியாது’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அது அப்பாவைக் கைவிடுவது ஆகாது. டாக்டர் வேறு வழி பார்க்க வேண்டும்: நர்ஸ் வருகை, நாக்குக்கு அடியிலோ கன்னத்துக்குள்ளோ விடும் மருந்து, அல்லது 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப். அடிக்கடி ஊசி தேவைப்பட ஆரம்பித்தால் எப்படியும் பம்ப்புக்குத்தான் மாற்றுவோம்.

இப்போது அண்ணனின் கோபத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் கோஸ்போர்ட் என்ற ஊரின் மருத்துவமனையில் 1989 முதல் 2000 வரை நடந்ததைப் பற்றி 2018-இல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. மருத்துவக் காரணம் இல்லாமலே மார்ஃபின் வகை மருந்துகள் கொடுக்கப்பட்டதால் 450-க்கும் மேற்பட்டவர்களின் ஆயுள் குறைந்துபோனது என்று அது சொன்னது. அங்கேயும் முன்கூட்டியே எழுதி வைத்த மருந்துகள்தான். ஆனால் அந்தத் தாள்களில் அளவு மிகக் குறைந்ததிலிருந்து மிக அதிகம் வரை அகலமாகத் திறந்து கிடந்தது. தொந்தரவே இல்லாதவர்களுக்கும், மீண்டு வர வேண்டியவர்களுக்கும் பம்ப்பில் போட்டார்கள். குடும்பத்தாரின் கேள்விகளுக்கு யாரும் செவிசாய்க்கவில்லை.

இதை நான் மறைக்காமல் எழுதுவது, உங்கள் வீட்டு டப்பாவை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. 2015-இல் வெளிவந்த பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் இதையேதான் கேட்கிறது. எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்ததாக இல்லாமல் அந்த நோயாளிக்கென்று யோசித்து மருந்து எழுத வேண்டும், எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தாளிலேயே இருக்க வேண்டும், கொடுத்த பிறகு பலனையும் பக்கவிளைவையும் பார்க்க வேண்டும். அண்ணன் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். டாக்டர் அடுத்த முறை வரும்போது அண்ணனும் இருக்கட்டும், நேரில் கேட்கட்டும். நல்ல டாக்டர் அந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

அப்புறம் உங்கள் பயம். ‘நான் போட்டதால்தான் போனார்.’ தொந்தரவுக்குத் தகுந்த அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உடல் தன் பாட்டுக்குச் செய்யும் சில மாற்றங்களை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாட்களில் தூக்கம் நீளும். கைகால் குளிரும், நீலம் பாரிக்கும். மூச்சு சில நொடிகள் நின்று மறுபடி ஓடும், அந்த இடைவெளி மெல்ல மெல்ல நீளும். ஒரு ஊசிகூடப் போடாதவருக்கும் இது இப்படித்தான் நடக்கும். ஊசி போட்ட வீட்டில் இதைப் பார்ப்பவர்கள் ஊசியோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். எங்களைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள் வேறு: கைகால் தசைகள் திடீர் திடீரென்று துள்ளுவது, முன்பு இல்லாத பிதற்றல், முந்தின நாள் வரை பேசியவரை ஊசிக்குப் பிறகு எழுப்பவே முடியாமல்போவது. அப்போது அடுத்த டோஸைப் போடாமல் உடனே போன் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று உண்டு, இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்கிறேன். சில மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து போய்க்கொண்டிருக்கும் ஒருவர் இறக்கும்போது, அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு ஊசி போடப்பட்டிருக்கத்தான் செய்யும். ஏதோ ஒன்று கடைசி ஊசியாக அமைந்தே தீரும். அது உங்கள் கையால் நடந்தால், அவருடைய தவிப்பை அடக்கியது உங்கள் கை. அவரைக் கொண்டுபோனது புற்றுநோய். பல வருடம் கழித்தும் இந்த ஒரு சந்தேகத்தோடு என்னிடம் வந்த மகள்களும் மகன்களும் இருக்கிறார்கள். முன்கூட்டியே யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு டப்பா பற்றி இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள் என்பதே என் கருத்து. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவர்; இந்த டப்பா அந்த முடிவுக்கான ஏற்பாடு. ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ‘அப்பா, ராத்திரியில் திடீரென்று வலியோ மூச்சு வாங்குவதோ வந்தால் இங்கேயே சரிசெய்ய டாக்டர் மருந்து கொடுத்து வைத்திருக்கிறார்’ என்று ஆரம்பியுங்கள். அவர் ‘சரி’ என்று பேச்சை மாற்றினால் அங்கேயே விட்டுவிடுங்கள். மேலே கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இரவு வலி வந்தால் என்ன ஆகும் என்று அவரே வாய்விட்டுச் சொல்லாமல் பயந்துகொண்டிருக்கலாம், பலர் அப்படி இருந்திருக்கிறார்கள். அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வலி முழுக்கப் போனால் போதும், தூங்கினாலும் பரவாயில்லையா, அல்லது கொஞ்சம் வலி இருந்தாலும் உங்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டுமா? இரண்டையும் கேட்ட நோயாளிகள் உண்டு. அவர் சொல்வதை டாக்டரிடம் சொன்னால் அளவை அதற்கேற்ப எழுதுவார்.

டப்பாவைப் பூட்டுகிற அலமாரியில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். குழந்தைகள் எட்டக் கூடாது. சாவி எங்கே என்று உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். எத்தனை ஆம்பியூல் என்று எண்ணி எழுதி, காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரங்கள் தள்ளிப்போனால் டாக்டர் அளவை மறுபடி சரிபார்க்க வேண்டும், இன்றைய அப்பாவுக்கு எழுதிய அளவு இரண்டு மாதம் கழித்துப் பொருந்தாமல்போகலாம். மிச்சமாகும் மருந்தை யாருக்கும் கொடுக்கவோ வீசவோ வேண்டாம், நர்ஸ் வந்து எண்ணி எடுத்துக்கொள்வார்.

அப்பா ஒருநாள் மனம் மாறி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால், கூட்டிப்போங்கள். டப்பா இருப்பதால் அந்த வழி அடைபட்டுவிடவில்லை.

அண்ணனிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். டாக்டர் அடுத்து வரும் நாளைக் கேட்டு, அன்றைக்கு அவரை வரச் சொல்லுங்கள். இன்று இரவு அந்தத் தொலைபேசி எண்ணுக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். எடுத்தவரிடம் உங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.